இயந்திரத்திற்கு மூளை வந்த வரலாறு

திருத்தணிகை மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, ஆர்.கே.பேட்டை என்னும் ஊர் இருக்கிறது. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பது அதன் முழுப் பெயர். அவ்வளவு நீண்ட பெயரைப் பேருந்தின் நெற்றியில் எழுத இடம் போதாமையாலோ என்னவோ, இரண்டெழுத்தும் ஒரு பேட்டையுமாகச் சுருங்கிவிட்டது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர் அது. ஊருக்குள் நுழைவோர் காதில் முதலில் விழுவது விசைத்தறியின் ஓசை. நூல் மூட்டை உள்ளே வருவதும் துணி மூட்டை வெளியே போவதுமே அவ்வூரின் மூச்சு. அந்த மூச்சு மோட்டார் வண்டியின் மேல் ஏறித்தான் போய்வருகிறது.

அந்த ஊர் என் ஊர். 2021-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், என் சித்தப்பா மகனுடைய லோடு வண்டி அங்கே நின்றுவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கடன் பெற்று வாங்கிய வண்டி. தவணை இன்னும் தீரவில்லை. துணி மூட்டைகளைச் சற்று உயரமாக அடுக்கலாமே என்று எண்ணி, முதல் நாள் மாலை வெல்டிங் பட்டறையில் அதன் மேல் ஓர் இரும்புக் கூண்டு பற்றவைத்துக்கொண்டு வந்தான். மறுநாள் காலை சாவியைத் திருப்பினான். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. வழக்கமாகச் சாவியைத் திருப்பியதும் கண் சிமிட்டும் மஞ்சள் விளக்கு அன்று எரியவே இல்லை.

உள்ளூர் மெக்கானிக் வந்தார். டீசல் இருந்தது; பேட்டரி நன்றாக இருந்தது. ஃப்யூஸ் பார்த்தார்; ரிலே மாற்றிப் பார்த்தார்; எர்த் கம்பிகளைச் சுரண்டிப் பார்த்தார். சென்சார் எனப்படும் உணர்கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவற்றுக்குச் செல்லும் ஐந்து வோல்ட் மின்சாரம் எங்கேனும் தரையிறங்கிப் போகிறதா என்று சோதித்தார். ஒரு சென்சார் கெட்டு அந்த ஐந்து வோல்ட்டை விழுங்கிவிட்டால் பெட்டியே செத்தது போலத் தோன்றுமாம். அதை அறியாமல் நல்ல பெட்டியைக் குப்பையில் எறிந்தவர்கள் பலராம். அவ்வாறும் இல்லை. பிறகு ஸ்கேனரைச் செருகினார். அது வண்டியோடு பேச மறுத்தது. கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் அவர் சொன்னது இது: “சார், வண்டிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மூளைதான் போய்விட்டது.”

நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். இயந்திரம் கற்றவன் அல்லேன். ஆயினும் அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. வண்டிக்கு எப்போது மூளை வந்தது? யார் வைத்தார்கள்? அதற்கு முன் மூளையில்லாமலா லாரிகள் ஓடின? வண்டி நின்றிருந்த நாட்களில் இக்கேள்விகளைத் துருவிக்கொண்டிருந்தேன். தம்பிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் லாரி புதிதன்று. என் பெரியப்பா 1960-களில் லேலண்ட் காமெட் லாரி ஓட்டியவர். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் தோன்றியது. முதலில் ஆஸ்டின் கார்களைக் கோத்து விற்றது. பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1951-இல் காமெட் லாரிகளைக் கோக்கத் தொடங்கியது. 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. அதே 1951-இல் பெங்களூரில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் துணையோடு மைக்கோ தொடங்கியது. டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் செலுத்தும் பம்புகள் அதன்பின் நம் நாட்டிலேயே உருவாயின. ‘மைக்கோ பம்ப்’ என்ற சொல் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஏறத்தாழத் தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது.

அந்தப் பம்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினைக் கண்ட ருடால்ஃப் டீசல், 1892-ஆம் ஆண்டு காப்புரிமை பெற விண்ணப்பித்து, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் நன்றாக ஓடும் எஞ்சினைக் காட்டினார். காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கொதிக்கிறது. கொதிக்கும் காற்றில் எண்ணெயைத் தெளித்தால் தீப்பொறி இன்றியே பற்றிக்கொள்கிறது. கருத்து எளியது, செய்வதோ அரிது. எண்ணெயைச் சரியான நொடியில், சரியான அளவில், அழுத்தக் காற்றையும் எதிர்த்து உள்ளே புகுத்த வேண்டும். டீசலின் முதல் எஞ்சின்கள் எண்ணெயை ஊதித்தள்ளத் தனிக் காற்றழுத்திகளைச் சுமந்தன. அவை தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் ஏற்றவை. சாலையில் ஓடும் வண்டிக்கு அப்பாரம் ஆகாது. 1927-இல் பாஷ் நிறுவனம் கையடக்கமான எண்ணெய்ப் பம்பைப் பெருமளவில் உருவாக்கத் தொடங்கிய பின்னரே லாரிகளில் டீசல் எஞ்சின் பரவ வழி பிறந்தது.

அந்தப் பம்பிலும் ஒருவகை அறிவு இருந்தது. ஜேம்ஸ் வாட் 1788-ஆம் ஆண்டில் தம் நீராவி எஞ்சினுக்கு இரண்டு இரும்புக் குண்டுகளை மாட்டினார். எஞ்சின் விரைந்து சுழன்றால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். மெதுவாகச் சுழன்றால் குவிந்து நீராவியைக் கூட்டும். ‘கவர்னர்’ என்று அதற்குப் பெயர். அதே கவர்னர், சிறு எடைகளும் சுருள்வில்லுமாக உருமாறி, மைக்கோ பம்பின் பின்புறத்தில் வந்து அமர்ந்திருந்தது. ஆகவே பெரியப்பாவின் லாரிக்கும் மூளை உண்டு. அது இரும்பால் ஆன மூளை. கண்ணால் காணலாம்; கையால் தொடலாம்; தேய்ந்தால் மாற்றலாம்.

அதனால்தான் அக்காலத்து மெக்கானிக்கின் கல்வி கண்ணிலும் காதிலும் விரல் நுனியிலும் இருந்தது. கரும்புகை வந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது காற்று போதவில்லை. வெண்புகை வந்தால் எண்ணெய் எரியாமலே வெளியேறுகிறது. நீலப்புகை வந்தால் எஞ்சின் தன் மசகெண்ணெயையே தின்கிறது. ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு நாசில் குழாயாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது ஓசை மாறவில்லையோ அதுவே நோயுற்ற உருளை என்று கண்டுபிடிப்பார்கள். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்து வண்டி நின்றுவிட்டால், நடுவழியில் ஓட்டுநரே ஒரு ஸ்பானரும் கைப்பம்பும் கொண்டு ‘ஏர்’ எடுத்துவிடுவார். ஊத்துக்கோட்டைச் சாலையில் நள்ளிரவில் ஒருமுறை லாந்தர் வெளிச்சத்தில் அவ்வாறு செய்ததைப் பெரியப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மழை சிறிது கூடுதலாகப் பெய்யும்.

அப்படியிருக்க, அந்த இரும்பு மூளையை ஏன் மாற்ற வேண்டும்? விடை அமெரிக்காவின் மேற்குக் கரையில் கிடைக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மேல் 1940-களில் கண்ணை எரிக்கும் பழுப்பு மூட்டம் ஒன்று கவிந்தது. நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலர், மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஆவிகள் வெயிலில் வினைபுரிந்து அம்மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். வண்டி உற்பத்தியாளர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. ஆயினும் 1970-ஆம் ஆண்டில் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இயற்றிற்று. புகையில் உள்ள நச்சுப் பொருள்களை ஐந்தாறு ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று விதித்தது. காலக்கெடு பின்னர்த் தள்ளிப்போயிற்று. ஆனால் அந்த நோக்கம் கைவிடப்படவில்லை.

சுருள்வில்லாலும் இரும்புக் குண்டாலும் அந்த ஆணையை நிறைவேற்ற இயலவில்லை. பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கலம் திறம்பட வேலை செய்ய, இவ்வளவு கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தாலும், மலை ஏறினாலும், சுமை கூடினாலும் இவ்விகிதம் பிறழக்கூடாது. புகைக்குழாயிலேயே நாக்கை நீட்டிச் சுவை பார்த்து, நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். 1976-ஆம் ஆண்டில் அப்படியொரு நாக்கை, அதாவது உயிர்வளியை அளக்கும் உணர்கருவியை, சுவீடனின் வால்வோ கார்களில் பொருத்தினார்கள். அந்த நாக்கு சொல்வதைக் கேட்டு ஆணையிட மின்னணு மூளை தேவைப்பட்டது.

மின்னணுவின் துணையை நாடும் எண்ணம் அதற்கு முன்பே முளைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 801 விமான எஞ்சினில் ஒரு கருவி இருந்தது. விமானி ஒரே நெம்புகோலை அசைத்தால் எரிபொருள் கலவை, பொறி விழும் நேரம், விசிறியின் சாய்வு முதலியவற்றை அதுவே சரிசெய்துகொண்டது. ஆனால் அது எண்ணெயழுத்தத்தாலும் பற்சக்கரங்களாலும் இயங்கியது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் மின்னணுவால் பெட்ரோலைச் செலுத்தும் முறை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து உறுப்புகள் வெப்பத்தையும் அதிர்ச்சியையும் தாங்கவில்லை. வாங்கியவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டுப் பழைய கார்புரேட்டரையே மாட்டிக்கொண்டார்கள். வரலாற்றில் முந்திப் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். அக்கருத்தையே வளர்த்து 1967-இல் பாஷ் நிறுவனம் வோக்ஸ்வாகன் 1600 காரில் வெற்றிகரமாகப் பொருத்தியது. 1971-இல் ஒரே சில்லில் அடங்கிய நுண்செயலி சந்தைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பெட்ரோல் கார்களில் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணிப்பொறி ஆளத் தொடங்கியது. டீசல் லாரிகள் சற்றுப் பொறுத்தே வந்தன. 1985-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் டீசல் எஞ்சின்களில் மின்னணுக் கட்டுப்பாடு புகுந்தது.

டீசலின் சிக்கல் வேறு வகையானது. தீ மிகச் சூடாக எரிந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நச்சாகிறது. தணிந்து எரிந்தால் கரித்துகள் பெருகுகிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நடக்க, எண்ணெயை ஒரே வீச்சாக ஊற்றாமல், முதலில் சில துளி, பின்னர் பெரும்பகுதி, இறுதியில் மீண்டும் சில துளி என்று பிரித்துத் தெளிக்க வேண்டும். அதற்கென ‘காமன் ரெயில்’ என்ற முறை வந்தது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் 1,600 பார் அளவும் அதற்கு மேலுமான அழுத்தத்தில் டீசல் தேங்கி நிற்கும். எந்த இன்ஜெக்டர் எப்போது வாய் திறக்க வேண்டும் என்று பெட்டி ஆணையிடும். 1995-இல் ஜப்பானின் ஹினோ லாரியிலும், 1997-இல் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ காரிலும் இது சாலைக்கு வந்தது. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் ஆக்சென்ட் டீசல் காரில் இம்முறை வந்தது. நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் காணும் ஜீப் வகை வண்டிகளில் அடுத்த சில ஆண்டுகளில் பரவியது.

அந்தப் பெட்டி செய்யும் வேலையின் விரைவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். மாணவர்கள் தாமே தாளில் போட்டுப் பார்க்கலாம். நான்கு உருளை எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழல்கிறது என்று கொள்வோம். ஒவ்வோர் உருளையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. ஆக நிமிடத்துக்கு 4,000 முறை, நொடிக்கு ஏறத்தாழ 67 முறை. ஒவ்வொரு முறையும் மூன்று பிரிவாகத் தெளித்தால் நொடிக்கு 200 ஆணைகள். எஞ்சின் ஒரு பாகை சுழல ஆகும் நேரம் நொடியில் 12,000-இல் ஒரு பங்கு. ஒரு பாகை முந்தினாலும் பிந்தினாலும் புகையும் ஓசையும் மாறிவிடும். பெரியப்பாவின் காது எவ்வளவு கூர்மையானதாயினும் இந்த வேலைக்கு அது போதாது. இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இனி நம் நாட்டு வரலாறு. இங்கே புகைக்கு வரம்பு 1990-களின் தொடக்கத்தில் வந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய அளவைத் தழுவி ‘பாரத் ஸ்டேஜ்’ எனப் படிப்படியாக வகுத்தார்கள். சென்னை முதலிய பெருநகரங்களுக்கு முதலில், ஏனைய ஊர்களுக்குப் பின்னர் என்பது வழக்கம். நான்காம் நிலை சென்னைக்கு 2010-இல் வந்தது. நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரல் 1-இல் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 29-இல், மூன்றாம் நிலை வண்டிகளை அத்தேதிக்குப் பின் விற்கவோ பதியவோ கூடாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்காமல் நின்ற வண்டிகள் சுமார் எட்டு லட்சம். அந்த இரண்டு நாட்களில் கடைகளில் நடந்த தள்ளுபடி விற்பனையைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். ஐந்தாம் நிலையைத் தாண்டிக் குதித்து ஆறாம் நிலை 2020 ஏப்ரல் 1-இல் வந்தது.

ஏப்ரல் முதல் நாள் என்றதும் எங்கள் ஊரார்க்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் அளித்த பரிந்துரையின்படியும், 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை. வயலும் கிணறும் தறியும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் ஒரு மனு எழுதினால் எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது, எந்த மொழியில் எழுதுவது என்பது ஒரே இரவில் மாறிவிட்டது. வண்டியிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பிஸ்டனும் தண்டும் உருளையும் பெரியப்பா காலத்தில் இருந்தவைதாம். அவற்றின் மேல் ஆணை செலுத்தும் அலுவலகம் மட்டும் மாறிவிட்டது. அதன் மொழியும் மாறிவிட்டது.

இந்த மாற்றத்தின் சுமையை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். எண்ணூர் நிறுவனமே 2017-இல் தன் பெரிய லாரிகளுக்குக் காமன் ரெயிலைக் கொள்ளாமல், நம் மெக்கானிக்குகளுக்குப் பழகிய வரிசைப் பம்பையே வைத்துக்கொண்டு, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் சுழலவிடும் உபாயத்தால் நான்காம் நிலையை எட்ட முனைந்தது. எளிதில் பழுதுபார்க்கலாம் என்பதையே அது விளம்பரமாகவும் சொல்லிற்று. ஆறாம் நிலை வந்தபின் அந்த வழி அடைபட்டது.

இப்போது எங்கள் வண்டிக்கு வருவோம். நோய் எங்கிருந்து வந்தது? இரும்புக் கூண்டிலிருந்துதான். வெல்டிங் செய்பவர் ஒரு கம்பியை வண்டியின் உடலில் கவ்வவிட்டு, மறு கம்பியால் பற்றவைக்கிறார். நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் திரும்பிப் போக வழி தேடுகிறது. கவ்வி பற்றவைக்கும் இடத்துக்கு அருகில் இருந்தால் நேரே போய்விடும். தொலைவில் இருந்தால், பேட்டரிக் கம்பியையும் கழற்றாமல் விட்டிருந்தால், அந்த மின்னோட்டத்தில் ஒரு பங்கு பெட்டியின் எர்த் கம்பி வழியாகவும் நுழைந்து போகும். வெல்டிங் செய்யுமுன் பேட்டரியின் இணைப்பையும் பெட்டியின் இணைப்பையும் கழற்ற வேண்டும் என்று வண்டியோடு தரும் கையேட்டில் எழுதியிருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருந்தது. பற்றவைத்தவர் காமெட் லாரி காலத்திலிருந்து தொழில் செய்பவர். அக்காலத்து லாரியில் இவ்வாறு கெடுவதற்கு எதுவும் இருந்ததில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம்பிக்கு வந்தது.

பெட்டிக்கு வேறு எமன்களும் உண்டு. கம்பிக் கட்டின் வழியாக மழைநீர் ஊர்ந்து உள்ளே போகும். எலி கம்பியைக் கடிக்கும். ஆல்டர்னேட்டர் கட்டுமீறி மின்சாரத்தைப் பொழியும். எனினும் மெக்கானிக் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “பெட்டி கெட்டது என்று என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பெட்டி நன்றாகவே இருக்கும், சார். கம்பிதான் கெட்டிருக்கும். பெட்டியைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.”

வண்டி வாங்கிய நிறுவனத்தின் பட்டறைக்குச் சொல்லியனுப்பினோம். புதுப் பெட்டிதான் போட வேண்டும் என்றார்கள். விலை இரண்டு மாதத் தவணையை விழுங்குவதாக இருந்தது. அதைக்கூடப் புரட்டிவிடலாம், பெட்டி எப்போது வரும் என்று கேட்டால் விடையில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பெருந்தொற்றின்போது வண்டி நிறுவனங்கள் சில்லுகளுக்குக் கொடுத்த ஆணைகளை நிறுத்தின. சில்லு ஆலைகள் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் திரும்பிவிட்டன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் வீசிய பனிப்புயலால் அங்கிருந்த ஆலைகள் நின்றன. மார்ச் 19-இல் ஜப்பானில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்தது. கோடையில் மலேசியாவில் ஊரடங்கு. வண்டிகளுக்கான சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகள் பல அங்கேதான் இருக்கின்றன. அவ்வாண்டு செப்டம்பரில் நம் நாட்டுப் பெரிய வண்டி நிறுவனங்களே உற்பத்தியைக் குறைத்தன. புது வண்டிக்கே பெட்டி இல்லாதபோது பழைய வண்டிக்கு யார் தருவார்? மலேசியாவில் ஓர் ஆலையின் கதவு மூடியதால் ஆர்.கே.பேட்டையில் துணி மூட்டை தேங்குகிறது! உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அது எவ்வாறு சுருங்கியிருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

பதினோராம் நாள், சென்னைப் புதுப்பேட்டையில் விபத்துக்குள்ளாகி உடைக்கப்பட்ட அதே வகை வண்டியின் பெட்டி ஒன்று ரசீதோடு கிடைத்தது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள் ஒவ்வொன்றும் ஒத்திருக்க வேண்டும் என்று மெக்கானிக் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். ஓர் இலக்கம் மாறினாலும் பயனில்லை. அதை மாட்டினார். மஞ்சள் விளக்கு எரிந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். எஞ்சின் பிடித்தது, இரண்டு நொடியில் அணைந்தது. மறுபடியும் பிடித்தது, மறுபடியும் அணைந்தது.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது; வண்டியைத்தான் அதற்கு அடையாளம் தெரியவில்லை. திருட்டைத் தடுக்க, சாவியின் தலைக்குள் ஒரு சிறு சில்லை வைத்து, அது சொல்லும் இரகசிய எண்ணைப் பெட்டி ஏற்றால்தான் எஞ்சின் ஓடும் என்ற ஏற்பாடு 1990-களில் ஐரோப்பாவில் பரவியது. 1998 முதல் அங்கே புதுக் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. நல்ல ஏற்பாடுதான், கள்வனைத் தடுக்கிறது. உரிமையாளனே வேறு பெட்டியை மாட்டினாலும் அவனையும் கள்வனாகவே கருதுகிறது. அதுமட்டுமன்று. ஒவ்வோர் இன்ஜெக்டரும் உருவாகும்போது நுண்ணிய அளவில் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டை ஒரு குறியீடாக அதன் தலையில் பொறித்து, அதைப் பெட்டியிலும் எழுதிவைக்கிறார்கள். வேறு வண்டியின் பெட்டி வேறு இன்ஜெக்டர்களின் குறியீட்டை நினைவில் வைத்திருக்கும். ஆகவே பெட்டியை மாற்றுவது என்பது பம்பை மாற்றுவது போன்றதன்று. ஒருவனுடைய நினைவுகளை மற்றொருவனுக்கு மாற்றுவது போன்றது.

இந்த நினைவைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் வழக்காகவே வந்திருக்கிறது. உதிரி உறுப்புகளையும் நோய்காணும் கருவிகளையும் தம் சொந்தப் பட்டறைகளுக்கு மட்டுமே தந்து, வெளி மெக்கானிக்குகளுக்கு மறுப்பதாகக் கார் நிறுவனங்கள் மீது 2011-இல் முறையீடு எழுந்தது. 2014 ஆகஸ்டு 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. கருவிகளையும் உறுப்புகளையும் வெளிச்சந்தைக்குத் திறந்துவிடவும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2022 ஜூலையில் நடுவணரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமையை ஆராய ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றோடு மோட்டார் வண்டியும் அதன் வரம்புக்குள் வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இதே உரிமைக்குப் பத்தாண்டு முன்பே, 2012-இல், சட்டம் செய்தது. நிறுவனங்கள் தம் பக்கத்தில் சொல்வதையும் சொல்லிவிட வேண்டும். பூட்டைத் திறந்துவிட்டால் புகை வரம்பை மீறும்படி பெட்டியைத் திருத்திவிடுவார்கள். திருட்டு வண்டிக்குப் புது அடையாளம் தருவார்கள் என்கின்றன. அவ்வாறு செய்பவர்கள் உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆயினும் ஊரில் ஒருவன் கத்தியால் குத்தினான் என்பதற்காகக் காய்கறி நறுக்குவோர் அனைவரையும் ஒரே கடைக்குப் போகச் சொல்வது முறையாகுமா?

இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கும் நானும் சென்னைக்குப் போனோம். இத்தொழிலையே செய்யும் ஓர் இளைஞரின் சிறு அறை அது. பழைய பெட்டியின் அலுமினிய மூடியை அவர் பக்குவமாகப் பிரித்தார். உள்ளே பச்சைப் பலகையில் நகரத்தின் வரைபடம் போன்ற கோடுகள்; ஓர் ஓரத்தில் கடுகளவு கருமை. அவ்வளவுதான்! ஒரு குடும்பத்தின் பதினோரு நாள் வருவாயை விழுங்கிய தீ அவ்வளவே இருந்தது. மின்சாரம் பகிரும் பகுதிதான் கருகியிருந்தது. நினைவு தங்கும் சில்லுகள் பிழைத்திருந்தன. மெல்லிய முனைகளை அவற்றின்மேல் ஊன்றி, பழைய பெட்டியில் எழுதியிருந்தவற்றைக் கணினிக்குள் படித்துக்கொண்டார். வரிக்கு வரி சரிபார்த்தார். பிறகு புதுப்பேட்டைப் பெட்டியில் அவற்றை எழுதினார். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆயிற்று. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்ததாகவும், மற்றவற்றைக் கெட்ட பெட்டிகளிடமே கற்றுக்கொண்டதாகவும் சொன்னார்.

அன்று இரவே ஊர் திரும்பினோம். மறுநாள் காலை பெட்டியை மாட்டியதும் வண்டி ஓடியது. பெரியப்பாவுக்கு அப்போது எண்பதுக்கு மேல் வயது. தடியை ஊன்றிக்கொண்டு பார்க்க வந்தார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் கண்ணை மூடி நின்றார்.

“மூன்றாவது நாசில் கொஞ்சம் முரண்டுகிறதேடா,” என்றார்.

“பெரியப்பா, இது உங்கள் காலத்து வண்டி அன்று,” என்று தம்பி சிரித்தான். மெக்கானிக் சிரிக்கவில்லை, ஸ்கேனரை மாட்டி, உருளைகளின் எண்ணெய் அளவு ஒவ்வொன்றையும் பார்த்தார். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றினின்று விலகி நின்றது. ஆனால் திரையில் காட்டியது மூன்றாவது அன்று, இரண்டாவது. தம்பி மறுபடியும் சிரித்தான்.

மெக்கானிக் கருவியை அணைத்தார். “பெரியவர் முன்னாலிருந்து எண்ணினார், தம்பி. இந்த வண்டியில் பின்னாலிருந்து எண்ண வேண்டும்,” என்று சொல்லிவிட்டு, அந்த இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு ஸ்பானரை எடுத்தார்.